வெப்பத்துக்கு ஒரு வழி விடு

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய நீளமான செய்தியை நேற்று இரவு வேலை முடிந்து வந்து நிதானமாகப் படித்தேன். படங்களை ரெண்டரிங் செய்யத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கணினி 95 டிகிரியைத் தொட்டுவிடுகிறது, காற்றாடி அலறுகிறது, பாதி வழியில் வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது, அறையில் யாராலும் தூங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே நீயும் அறைத் தோழர்களும் சேர்ந்து யோசித்த வழிகளையும் எழுதியிருக்கிறாய். ஈரத் துணி, மண்பானை, ஐஸ் பெட்டி, சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கி அதற்குள் கணினியை வைப்பது, கடைசியில் மீன்தொட்டி நிறைய எண்ணெய். எதையும் வாங்குவதற்கு முன் மாமாவைக் கேட்கத் தோன்றியதே, அதில் எனக்குச் சந்தோஷம். சிங்கப்பூரில் தரவு மையங்களைக் குளிர்விக்கும் வேலையில்தான் என் பிழைப்பு. அதனால் இதற்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

ஈரத் துணியும் மண்பானையும் உன் அம்மா வீட்டு வைத்தியம். மதுரையில் அது நிச்சயமாக வேலை செய்யும். மே மாதப் பிற்பகல், வெயில் 39 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 விழுக்காடு என்று வைத்துக்கொள். அந்தக் காற்றில் தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை 25 டிகிரி வரைக்கும் இறக்கிவிடலாம். பதினான்கு டிகிரி இறக்கம் என்பது சாதாரணமில்லை. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துவிட்டு மதியம் படுத்தவர்களுக்கு அது தெரியும். இதே கணக்கை இங்கே நீ இருக்கும் தேக்காவில் போட்டுப் பார். பிற்பகல் 31 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு. ஆவியாதலால் இறங்கக்கூடிய எல்லை இங்கே ஏறக்குறைய 26. ஐந்து டிகிரிதான் கிடைக்கும், அதுவும் நல்ல காற்றோட்டம் இருந்தால். விடியற்காலையில் ஈரப்பதம் 90-ஐத் தாண்டும்போது அந்த ஐந்தும் கிடைக்காது. உங்கள் அறையோ மூடிய அறை. துணியிலிருந்து ஆவியான தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். அறை இன்னும் புழுங்கும், நாலு பேருக்கும் வேர்க்கும், வேர்வை காயாது. பானையைத் தண்ணீர் குடிக்க வைத்துக்கொள். கணினிப் பக்கம் கொண்டுபோகாதே.

இந்த ஊர் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. சுற்றிலும் கடல். இங்கே வந்து சில மாதங்களே ஆன உனக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ கேட்டிருக்கும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இதில் இருக்கிறது. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஏதோ ஒரு வெப்பநிலையில் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும். அதைப் பனிப்புள்ளி என்பார்கள். சிங்கப்பூரில் பகலில் சூடு ஏறும், இரவில் இறங்கும். ஈரப்பதம் அதற்கு நேரெதிராக ஆடும். ஆனால் பனிப்புள்ளி மட்டும் ஆண்டின் பெரும்பகுதி, இரவும் பகலும், 24 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதாவது இந்த ஊரின் வெளிக்காற்றில் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளும் நனையும். குளிரூட்டிய பெருவிரைவு ரயிலிலிருந்து இறங்கி, லிட்டில் இந்தியா நிலையத்தின் படியேறி வெளியே வந்ததும் உன் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அது இதனால்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் மதர்போர்டைத் துடைக்க முடியாது.

ஐஸ் பெட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் பதில் இதிலேயே வந்துவிட்டது. ஆனாலும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கணக்குப் பார்க்கும் பழக்கம் உனக்கு வர வேண்டும். உன் கணினி முழு வேகத்தில் ஓடும்போது 400 வாட் இழுக்கிறது என்றாய். உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் நான்கு பேரின் உடல் சூடு அது. நாலு பேர் இருக்கும் அறையில் எட்டுப் பேர் இருப்பது போல. ஒரு கிலோ ஐஸ் உருகி முடிய 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 400 வாட் அதைப் பதினான்கு நிமிடத்தில் கொடுத்துவிடும். எட்டு மணி நேர ரெண்டரிங்குக்கு 30 கிலோவுக்கு மேல் ஐஸ் வேண்டும். அதை வீட்டு ஃப்ரீஸரில் உறைய வைத்தால், உறைய வைக்க எடுத்த சூடும் கம்ப்ரெஸர் ஓடிய சூடும் அதே வீட்டுக்குள்தான் கொட்டும். ஃபிரிட்ஜ் பற்றி: வெளியிலிருந்து கசிந்து உள்ளே வரும் கொஞ்சச் சூட்டைத் தள்ளத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளேயே 400 வாட் அடுப்பு எரிந்தால் அதன் கம்ப்ரெஸர் ஓய்வின்றி ஓடி ஓய்ந்துபோகும், கணினி வெளியில் இருந்ததைவிட அதிகமாகச் சூடேறும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தேக்காவின் ஈரக்காற்று உள்ளே புகுந்து வேர்த்துக் கொட்டும். பக்கத்தில் 230 வோல்ட். ஐஸ் பெட்டி, ஃபிரிட்ஜ் இரண்டையும் தயவுசெய்து மறந்துவிடு.

ஏர்கானிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குழாய் வழியே கொண்டுவந்து குளிர்விக்கலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருந்தாய். நல்ல யோசனை போலத்தான் தோன்றும். மணிக்கு ஒரு லிட்டர் சொட்டுகிறது, 15 டிகிரியில் வருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதை 30 டிகிரிக்கு ஏற்றினால் அது சுமக்கும் வெப்பம் சராசரியாக 17 வாட். உன் 400-இல் அது எந்த மூலைக்கு? அந்தத் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்று.

எண்ணெய்த் தொட்டியை மட்டும் நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். அது முட்டாள்தனமான யோசனை இல்லை. 1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கணினியை சீமோர் கிரே அப்படியே ஒரு திரவத்துக்குள் மூழ்கடித்துத்தான் ஓட்டினார். ஃப்ளோரினெர்ட் என்ற அந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்தாது, நிறமும் இல்லாதது. கணினிக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கோபுரத்தில் திரவம் வழிந்து இறங்கும். இன்று செயற்கை நுண்ணறிவுச் சில்லுகள் ஒவ்வொன்றும் பல நூறு வாட் உமிழும் நிலையில், பெரிய தரவு மையங்கள் மறுபடியும் மூழ்கடிக்கும் முறைக்குத் திரும்பிப் பார்க்கின்றன. வீட்டில் செய்பவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும் நிறமற்ற கனிம எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமக்கும் வெப்பம் ஒரு லிட்டர் காற்று சுமப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். ஈரமும் உள்ளே போகாது, தூசியும் போகாது. இந்த ஊருக்கு அது பொருத்தமாகக்கூடத் தெரியும்.

ஆனால் 40 லிட்டர் தொட்டி என்றால் என்ன ஆகும் என்று பார். 400 வாட்டில் அந்த எண்ணெய் இரண்டே முக்கால் நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். ஒரு மணி நேரத்தில் இருபது டிகிரிக்கு மேல். அதன் பிறகு அந்தச் சூடு எங்கே போகும்? தொட்டியின் கண்ணாடி வழியாக உங்கள் அறைக்குத்தான். வெளியே ஒரு ரேடியேட்டரும் பம்பும் வைத்துத் தள்ளினால்தான் நிலைக்கும், அந்த ரேடியேட்டரும் அறைக்குள் இருந்தால் பழைய கதைதான். எண்ணெய் கேபிள்களின் உள்ளே புகுந்து மெல்ல மெல்ல மேலேறி மேசைக்கும் தரைக்கும் வரும். நாளடைவில் ரப்பர் உப்பிப்போகும், கேபிளின் பிளாஸ்டிக் உறை விறைத்துப்போகும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் காற்றுத் துளை இருப்பதால் அதை மூழ்கடிக்கவே கூடாது. ஒரு பாகம் பழுதானால் எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே எடுத்து யாரிடம் கொண்டுபோவாய்? உத்தரவாதமும் போய்விடும். உன் நண்பர் ஒருவர் தேங்காய் எண்ணெய் ஊற்றலாம் என்றாராம். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும். கிரே பயன்படுத்திய வகைத் திரவங்களும் வேண்டாம். அவை சூழலில் சிதையாமல் தங்கும் ஃப்ளோரின் சேர்மங்கள். அவற்றைத் தயாரித்த 3எம் நிறுவனமே 2025 முடிவுக்குள் அந்தத் தயாரிப்பை நிறுத்துவதாக 2022-இல் அறிவித்தது. உனக்கென்று ஒரு வீடும் வேலைக்கூடமும் அமைந்தபின் இதைச் செய்து பார், நானும் கூட இருந்து உதவுகிறேன். நாலு பேர் படுக்கும் வாடகை அறையில் வேண்டாம்.

மருமகனே, நீ எழுதிய ஐந்து வழிகளுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. எங்கிருந்தாவது குளிரைக் கொண்டுவந்து கணினிக்குக் கொடுக்க வேண்டும் என்பது. எங்கள் தொழிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. இங்குள்ள தரவு மையங்கள் பல 22 டிகிரியிலும் அதற்குக் கீழேயும் ஓடின. உள்ளே போகிறவர்கள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போவோம். 2020-இல் சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காட்டைத் தரவு மையங்கள் எடுத்துக்கொண்டன. ஒரு மையம் செலவிடும் மின்சாரத்தில் குளிர்விப்புக்கே 40 விழுக்காடு வரை போகலாம். 2019 முதல் 2022 தொடக்கம் வரை புதிய மையங்களுக்கு அரசு அனுமதி தராமல் நிறுத்தி வைத்ததற்கு இந்தச் சுமையும் காரணம். 2023-இல் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் வெப்பமண்டலத் தரவு மையங்களுக்கென்றே ஒரு தரநிலையைக் கொண்டுவந்தது. எஸ்எஸ் 697 என்பது அதன் பெயர். அது சொல்வதன் சாரம் இதுதான்: அறையை 26 டிகிரிக்கும் மேலே படிப்படியாக உயர்த்துங்கள், இயந்திரங்கள் தாங்கும். ஒரு டிகிரி உயர்த்தினால் குளிர்விக்கும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதில் எனக்குத் தனிப்பட்ட பெருமை உண்டு. தேசியச் சூப்பர் கணினி மையத்தின் முதல் இயந்திரமான ஆஸ்பயர் 1-ஐ வெதுவெதுப்பான நீரால் குளிர்வித்தார்கள். பனிநீரும் இல்லை, உறைகுளிரும் இல்லை. சில்லு அதைவிடச் சூடாக இருப்பதால், வெதுநீரே அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறப் போதும். அந்த மையத்தை வழிநடத்திய பேராசிரியர் டான் டின் வீ, தொண்ணூறுகளில் நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியோடு சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தவர். 1997-இல் இங்கே நடந்த தமிழ்நெட் மாநாட்டில் அவர்கள் இருவரின் உழைப்பும் இருந்தது. இன்று நீ கைப்பேசியில் எனக்குத் தமிழில் எழுத முடிகிறதென்றால் அப்படிப்பட்டவர்களின் ஆரம்ப உழைப்பால்தான். கோவிந்தசாமி 1999-இலேயே போய்விட்டார். தேசிய நூலகத்துக்குப் போனால் அவருடைய சிறுகதைகளைக் கேட்டு வாங்கிப் படி.

விஷயத்துக்கு வருகிறேன். சில்லு 80 டிகிரியில் ஓடலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. உன் அறை 30 டிகிரி. இடையில் ஐம்பது டிகிரி இருக்கிறது. அது போதாதா? சூடு போக வழிதான் இல்லை. உங்கள் அறை 9 சதுர மீட்டர் என்றாய். அதிலுள்ள காற்று ஏறக்குறைய 27 கிலோ. சுவரும் கட்டிலும் உறிஞ்சாமல் போனால், 400 வாட் அந்தக் காற்று முழுவதையும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒரு டிகிரி ஏற்றிவிடும். அறை ஐந்து டிகிரி ஏறினால் சில்லும் ஐந்து டிகிரி ஏறும். கணினியின் காற்றாடிகள் சற்றுமுன் தாங்களே வெளியேற்றிய சூட்டை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் அலறுகின்றன.

ஆகவே முதல் வேலை, சூட்டை உண்டாக்காமல் இருப்பது. யாரும் இதைக் குளிர்விக்கும் வழியாக நினைப்பதில்லை. ஆனால் இதற்கு ஈடான வழி ஒன்றும் கிடையாது. சில்லு செலவழிக்கும் மின்சாரம் அதன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறையும். தயாரிப்பாளர்கள் எல்லாச் சில்லுகளும் எந்த நிலையிலும் ஓட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்து அனுப்புகிறார்கள். கிராஃபிக்ஸ் அட்டையின் மென்பொருளில் பவர் லிமிட் என்று ஒரு பட்டை இருக்கும். அதை 100-இலிருந்து 70-க்கு இறக்கு. நான் பார்த்தவரை பெரும்பாலான அட்டைகளில் ரெண்டரிங் நேரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதில்லை. ஒரு படம் ஐந்து நிமிடத்துக்குப் பதில் ஐந்தரை நிமிடம் எடுக்கும், அவ்வளவுதான். இப்போது நீயே பார்க்கிறாயே, சூட்டில் தானாக வேகம் குறைந்து எவ்வளவு நேரம் போகிறது என்று! 400 வாட்டில் எட்டு மணி நேரம் ஓடினால் 3.2 யூனிட், ஏறக்குறைய ஒரு வெள்ளி. மாதம் முழுக்க ஓட்டும் மாணவனுக்கு அதிலும் மிச்சம்.

இரண்டாவது, நீ இருக்கும் வீடு. டன்லப் ஸ்திரீட் பக்கத்துக் கடைவீட்டின் மேல்மாடி என்றாயே, அதைக் குறையாகச் சொல்லியிருந்தாய். இந்தக் கடைவீடுகளில் பழையவற்றைக் கட்டியவர்களுக்கு மின்சாரம் கிடையாது. ஆனால் வெப்பத்தைப் பற்றி அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முன்னால் அஞ்சடி நடைபாதையின் நிழல், மேல்மாடியில் சரிவுப் பலகை வைத்த மரச் சன்னல்கள், நடுவில் வானம் பார்த்த முற்றம். வெயில் ஏற ஏற முற்றத்தின் காற்று சூடாகி மேலே கிளம்பும், அதன் இடத்தை நிரப்ப அஞ்சடி வழியாக நிழல் காற்று உள்ளே வரும். வீடே மூச்சுவிடும். 1989-இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்ததால் அந்த முகப்புகள் இன்னும் நிற்கின்றன. பல வீடுகளில் முற்றத்துக்கு மேல் தகரமோ கண்ணாடியோ போட்டு மூடிவிட்டார்கள். உங்கள் வீட்டில் திறந்திருக்கிறதா என்று பார். திறந்திருந்தால், கணினியை முற்றத்தின் பக்கச் சன்னலுக்கு நகர்த்து. அதன் பின்புறம், சூடு வரும் பக்கம், சன்னலைப் பார்க்கட்டும். மழைச்சாரல் எட்டாத தூரம் மட்டும் இருக்கட்டும்.

அங்கே ஒரு நிற்கும் காற்றாடியை வெளியே பார்த்து வைத்து ஓட விடு. எல்லாரும் காற்றாடியைத் தங்களைப் பார்த்துத்தான் வைப்பார்கள். அறையின் சூட்டைத் தள்ள வேண்டுமென்றால் அது சன்னலைப் பார்க்க வேண்டும். சன்னலோடு ஒட்டி வைக்காதே. அரை மீட்டராவது பின்னால் தள்ளி வைத்தால், அது வீசும் காற்று பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். எதிர்ப்பக்கத்தில் கதவையோ தெருப்பக்கச் சன்னலையோ திறந்து வை, இல்லாவிட்டால் உள்ளே வரக் காற்றில்லாமல் வெறுமனே சுற்றும். 400 வாட் சூட்டைப் பத்து டிகிரி வித்தியாசத்தில் அள்ளிப்போக நொடிக்கு 34 லிட்டர் காற்று போதும். ஒரு நிற்கும் காற்றாடி அதைப் போலப் பல மடங்கு தள்ளும். சன்னல் விளிம்பில் மட்டும் எதையும் வைக்காதே, கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிடலாமா என்றாய். சில பெட்டிகளில் பயன் தரும், சிலவற்றில் முன்னிருந்து பின்னோக்கிப் போகும் காற்றோட்டம் கலைந்து இன்னும் சூடேறும். கழற்றியும் மாட்டியும் இரண்டு முறை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். மடிக்கணினி வைத்திருக்கும் தோழருக்கு முட்டை அட்டையைத் தலைகீழாக வைத்து அதன்மேல் வைக்கச் சொல். செலவில்லாமல் அடியில் காற்றுப் போகும். மெத்தைமேல் வைத்து ஓட்ட வேண்டாம் என்றும் சொல். காற்றுத் துளை அடைபடும், பேட்டரி சூட்டில் உப்பிவிடும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

உங்கள் வட்டாரத்தில் தூசி ஒரு தனிக் கவலை. நீ அனுப்பிய படத்தில் கணினிக்கு மேலேயே சாமி படமும் ஊதுபத்தியும் இருப்பதைப் பார்த்தேன். சாமியை எடுக்கச் சொல்லவில்லை. கணினியை நகர்த்து. ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையின் துகள்கள் மிக நுண்ணியவை, பிசுக்கும் உள்ளவை. கீழ்த்தளத்துச் சமையலறையின் தாளிப்பு ஆவியும் அதோடு சேரும். வெப்பத்தகட்டின் இடுக்குகளில் இது படிந்து பஞ்சைப் பிடித்துக்கொள்ளும், ஊதினால் போகாது. புகைமூட்ட மாதங்களும் அப்படித்தான். 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டபோது நான் வேலையில் இருந்தேன். அந்த வாரங்களில் வடிகட்டிகளை மாற்றிக்கொண்டே இருந்தோம். உனக்கு விலையுயர்ந்த வடிகட்டி வேண்டாம். பெண்கள் அணியும் நைலான் காலுறையை இழுத்துக் காற்று உள்ளே போகும் முகப்பில் கட்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி அலசிக் காயவைத்து மாட்டு.

ஏர்கான் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நாலு பேரும் பணம் சேர்த்து இரவில் போடுகிறீர்கள், போடுங்கள். லீ குவான் இயூ ஏர்கானை இந்த நாட்டின் வளர்ச்சிக்கே காரணமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சொன்னவர். பிரதமரானதும் அரசு அலுவலகங்களில் அதைத்தான் முதலில் பொருத்தச் செய்ததாகவும் சொல்லியிருக்கிறார். 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக அதை உருவாக்கியபோது, அவர் தீர்க்க முயன்றது ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கும் தொல்லையை. அந்த ஈரம் எடுக்கும் குணம்தான் இந்த ஊரில் கணினிக்கும் நல்லது. 25 அல்லது 26-இல் வை. 18-இல் வைத்துவிட்டுக் காலையில் எழுந்ததும் சன்னலைத் திறக்காதே. அணைத்து வைத்த கணினி அந்த நேரத்தில் குளிர்ந்து கிடக்கும், 24 டிகிரி பனிப்புள்ளியுள்ள காற்று உள்ளே பாய்ந்தால் அதன்மேல் ஈரம் படியும். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குக் கவலையில்லை, அதன் சூடே அதைக் காக்கும். கல்லூரியின் குளிர்ந்த அறையிலிருந்து மடிக்கணினியை வெளியே கொண்டுவந்தால் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடு.

ஆனால் ஏர்கான் தள்ளும் சூடும் எங்கோ போகிறது. உங்கள் வீட்டின் வெளிப்புறக் கருவி பின்சந்தைப் பார்த்து இருக்கிறது. அந்தச் சந்தில்தான் கீழே உள்ள சாப்பாட்டுக் கடைகளின் சமையல்காரர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் இடைவேளையில் வந்து நிற்கிறார்கள். அடுப்படியிலிருந்து தப்பித்து வருகிறவர்கள் மேல் நாம் இன்னோர் அடுப்பைத் திறந்துவிடுகிறோம். இந்த நகரத்தின் நெரிசலான பகுதிக்கும் மரம் அடர்ந்த பகுதிக்கும் இடையே இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம் பதிவாகியிருக்கிறது. கட்டடங்களும் வாகனங்களும் ஏர்கான்களும் சேர்ந்து செய்வது அது. அந்த 400 வாட்டைக் குறைக்கச் சொன்னேனே, அதில் உன் தூக்கத்தோடு அவர்களுடைய காற்றும் எனக்கு நினைவில் இருந்தது. அறைத் தோழர்களுக்கும் அதே நியாயம்தான். கணினி உன்னுடையது, சூடு நாலு பேருக்கும். அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நீண்ட ரெண்டரிங்கை ஓட விட முடியுமா என்று பார். ஆள் இல்லாத வீட்டில் ஓட விடுவதாக இருந்தால் கணினியை நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் செருகு. ஊரிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம்.

அடுத்த ஆண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் அறை பார்ப்பதாக உன் அம்மா சொன்னாள். அங்கே பலர் ரௌட்டரையும் கணினியையும் வீட்டோடு கட்டிய பாம் ஷெல்ட்டர் அறைக்குள் வைத்துவிடுகிறார்கள். சத்தம் கேட்காது, இடமும் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ரௌட்டர் போன்ற பத்து வாட் பொருள் என்றால் பரவாயில்லை, அதற்கும் கதவு திறந்திருக்க வேண்டும். உன் கணினியை அதற்குள் மூடி வைத்தால் வெந்துபோகும். சுவரில் துளை போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அது உயிர் காக்கக் கட்டிய அறை. அதற்குப் பதில் கணினியைக் கூடத்தில் காற்றோட்டமான மூலையில் வைத்துவிட்டு, நீளமான கேபிளால் திரையையும் விசைப்பலகையையும் மட்டும் அறைக்குள் கொண்டுவா. சூடும் சத்தமும் உன்னோடு தூங்காது.

வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. பத்தரை மணிக்குக் கணினிக் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் வாசலில் நிற்கிறேன், உன் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். வாங்க வேண்டியது இரண்டுதான். சில்லுக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட் ஒரு சின்னக் குழாய், கணினியின் பின்புறத்துக்கு 120 மில்லிமீட்டர் காற்றாடி ஒன்று. இரண்டும் சேர்ந்து பெரிய தொகை ஆகாது. காசு நான் தருகிறேன், அதில் வாதம் வேண்டாம். பழைய பேஸ்டை எப்படித் துடைப்பது, எவ்வளவு பூசுவது என்று உன் அறையிலேயே செய்து காட்டுகிறேன். கடைக்காரர் நீரால் குளிர்விக்கும் பெட்டியைக் காட்டினால் பார், ஆனால் இப்போதைக்கு வாங்காதே. அறையின் சூடு வெளியேற வழி செய்த பிறகும் அது தேவைப்பட்டால் அப்போது யோசிப்போம்.

அதற்கு முன் பவர் லிமிட்டை இன்றிரவே 70-க்குக் குறைத்துவிடு. பிறகு ஒரே காட்சியை மூன்று விதமாக ரெண்டர் செய்: பவர் லிமிட் பழையபடி 100-இல் ஒன்று, அதை மட்டும் 70-க்குக் குறைத்து ஒன்று, அதோடு சன்னலைப் பார்த்துக் காற்றாடியும் வைத்து ஒன்று. ஒவ்வொரு முறையும் சில்லின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை, ஈரப்பதம், எடுத்துக்கொண்ட நேரம் நான்கையும் எழுதி வை. அறையை அளக்கும் சின்னக் கருவி உன்னிடம் இல்லையென்றால் நாளை வேலைக்குப் போகும் வழியில் என்னுடையதைக் கொண்டுவந்து தருகிறேன். சனிக்கிழமை இரவுக்குள் அந்த எண்களை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா